என்ரான் அஞ்சல்கள்: ஒரே கடிதம் மூன்று முறை வருவது ஏன்?

வணக்கம். திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரானின் மின்னஞ்சல் தொகுப்பில், அதன் தலைவராக இருந்த கென்னத் லே கோப்புறையில் ஒரே கடிதம் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றிலும் வேறு மெசேஜ்-ஐடி (அஞ்சலின் அடையாளக் குறி), சிலவற்றில் ஆண்டு 1980, "போலியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போலி இல்லை.

அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விசாரணைக்காக வாங்கி 2003-இல் வெளியிட்டவை இவை. பொதுவில் கிடைக்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பிரதியில் சுமார் 150 பேரின் ஏறக்குறைய 5 லட்சம் அஞ்சல்கள். 'ஆல் டாக்குமெண்ட்ஸ்', 'டிஸ்கஷன் த்ரெட்ஸ்' கோப்புறைகளில் அதே கடிதங்கள் திரும்பவும் கிடக்கும். ஐடியின் கடைசியில் 'ஜாவாமெயில்' என்று இருக்கிறதல்லவா? அது அஞ்சல்களைப் பின்னால் வேறு வடிவத்துக்கு மாற்றியபோது ஒட்டியது. அதை வைத்து நகல் நீக்கவே முடியாது. அனுப்புநர், தலைப்பு, கடித உரை மூன்றையும், இடைவெளிகளை எடுத்துவிட்டு, சேர்த்து ஹாஷ் (உரையிலிருந்து கணக்கிடும் குறுகிய குறி) போடுங்கள்; ஹாஷ் ஒன்றாக இருந்தால் நகல்.

1980 என்பது தேதி கெட்டுப்போன அஞ்சல். உள்ளே மேற்கோளாக வரும் பழைய அஞ்சல்களின் அனுப்புநர், தேதி வரிகளில் தேதி பாருங்கள். என்ரான் தலைமையகம் இருந்த ஹூஸ்டனில் எழுதிய கடிதத்துக்கும் பசிபிக் (அமெரிக்க மேற்குக் கரை) நேரமே நிற்கும், மணியை நம்பாதீர்கள்.

ஒன்று முக்கியம்: அஞ்சலோடு அனுப்பிய இணைப்புக் கோப்புகள் இதில் கிடையாது, ஊழியர்கள் கேட்டதால் சில அஞ்சல்கள் நீக்கப்பட்டன. ஆகவே "இதைப் பற்றி எழுதவே இல்லை" என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். லே பெயரில் போன பதில் என்றால் அடியில் உதவியாளர் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள்.