கண்ணாடி ஷோகேஸில் தட்டுகளின் உயரத்தை மாற்ற முடியுமா?

கன்னியாகுமரியில் சங்கு, சிப்பிப் பொருள் விற்கும் கடையின் ஷோகேஸ். பக்கங்கள் 18 மி.மீ. பிளைவுட், தட்டுகள் ஓரடி இடைவெளியில் நிலையாக இருப்பதால் பெரிய சங்கு விளக்கு உள்ளே நுழையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். இரு பக்கப் பலகைகளிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என நான்கு வரிசைத் துளைகள் போட்டு, தட்டைத் தாங்கும் சிறு உலோகப் பின்களை (pin) வேண்டிய உயரத்தில் செருகினால் போதும்.

முதலில் ஒரு பட்டைப் பலகையில் 32 மி.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகள் போட்டு அச்சு செய்துகொள்ளுங்கள், அதைப் பக்கத்தில் வைத்துத்தான் துளையிட வேண்டும். நான்கு வரிசைக்கும் அதன் ஒரே முனை கீழே இருக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் ஒரு வரிசை மட்டும் ஒன்றிரண்டு மி.மீ. தவறும், கண்ணாடி மூன்று பின்னில் உட்கார்ந்து ஆடும், கனமான சங்கை வைத்ததும் மூலையில் விரிசல் விடும். உடைசல் இப்படித்தான் வரும். துளை ஆழம் 10 மி.மீ. போதும், டிரில் பிட்டில் அந்த அளவில் டேப் சுற்றிவிட்டால் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வராது.

பழைய தட்டையே போடலாம், உள் அகலத்தைவிட 3 மி.மீ. குறைவாக இருந்தால். மூன்றடி நீளத்துக்கு 5 மி.மீ. கண்ணாடி தொய்யும், 8 மி.மீ. வாங்குங்கள்.

பின்களில் கஞ்சத்தனம் வேண்டாம். உப்புக்காற்றில் நிக்கல் பூச்சுப் பின் சீக்கிரமே துருவேறித் துளைக்குள் இறுகிவிடும். 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் பின், மேலே ரப்பர் உறை போட்டதாக வாங்குங்கள்.

பக்கமும் கண்ணாடியாக இருந்தால் மூலையில் டஃபன்டு (சூடாக்கி உறுதியேற்றிய கண்ணாடி) என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். டஃபன்டு கண்ணாடியில் துளையிட்டால் மொத்தமும் பொடியாகும். அப்படியானால் ஷோகேஸின் முதுகுப் பலகையில் வரிசைத் துளை உள்ள உலோகச் சட்டம் அடித்து, தட்டைத் தாங்கும் பிராக்கெட்டை அதில் மாட்டுவதே வழி.