வாசகர் கேள்வி – பதில்: கருங்கழியில் எந்த மரம் எங்கே நிற்கும்?

இந்த இதழின் பக்கங்களில் பெரும்பகுதியை ஒரே கடிதம் எடுத்துக்கொண்டுவிட்டது. பெரம்பூர் வாசகி ஒருவர், சோழர் காலத்தை ஒத்த கற்பனை நாடொன்றில் நடக்கும் நாவலை எழுதிவருகிறார். அதில் ‘கருங்கழி’ என்னும் ஓதச் சதுப்பு நிலம், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்கும் சதுப்பு நிலம் ஒன்று வருகிறது. தாம் கையால் வரைந்த வரைபடத்தையும் அனுப்பியிருக்கிறார். மேற்கிலிருந்து வரும் ‘செம்பாறு’ கடலை அடையுமுன் இரண்டாகப் பிரிகிறது. இரு கிளைகளுக்கும் நடுவில், கடலோரமாக ஒரு மணல்மேடும், அதன் பின்னால் மூன்று கல் தொலைவுக்குக் கழியும், அதற்கும் பின்னால் வயல்களும் ஓர் ஊரும் இருக்கின்றன. கழி முழுவதற்கும் ஒரே பச்சை வண்ணம் தீட்டி, நடுவில் ஒரு தாமரைக் குளத்தையும் வைத்திருக்கிறார். அவருடைய கேள்விகளோடு, இதே பொருளை ஒட்டி வந்த வேறொரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: கருங்கழி முழுவதும் சுரபுன்னை அடர்ந்திருப்பதாகவும், நடுவில் தாமரை பூத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறேன். இது பொருந்துமா?

பதில்: தாமரையை முதலில் எடுத்துவிடுங்கள். அது நன்னீர்ச் செடி. உப்பு நீர் ஏறி இறங்கும் இடத்தில் பிழைக்காது. ஊருக்கு மேற்கே ஓர் ஏரியை வெட்டி அதில் விட்டுவிட்டால் அந்தப் பிழை தீர்ந்துவிடும். சுரபுன்னை விஷயம் அவ்வளவு எளிதில் தீராது.

கழியைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சமதளமாகவே தெரியும். ஆனால் மலைநாட்டில் ஒரு குன்று செய்கிற வேலையைக் கழியில் ஒரு சாண் உயரம் செய்துவிடுகிறது. நாள்தோறும் இருமுறை நனைகிற நிலம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மட்டும் நனைகிற நிலம், பெருவெள்ளத்தில் மட்டும் நனைகிற நிலம் ஆகிய மூன்றுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு நம் கரையில் சில முழத்துக்குள் அடங்கிவிடும். அந்தச் சில முழத்துக்குள்தான் ஒவ்வொரு மரமும் தனக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனவே மரங்களை வரைவதற்கு முன்பு மேட்டையும் பள்ளத்தையும், நீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்பதையும் வரைந்துகொள்ளுங்கள்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கும் பிச்சாவரத்தில் படகில் போனவர்கள், இருபுறமும் முட்டுவேர்களை ஊன்றி நிற்கும் சுரபுன்னைகளைப் பார்த்துவிட்டுக் காடு முழுவதும் இப்படித்தான் இருக்கும் என்று நம்பித் திரும்புவார்கள். உண்மையில் அது ஓடைக்கரையை ஒட்டிய குறுகிய பட்டை மட்டுமே. ஓடை நீர் ஓயாமல் வந்துபோகும் கரையில் சுரபுன்னை. அதைத் தாண்டி உள்ளே சென்றால், தரையிலிருந்து பென்சில்களை நட்டுவைத்தாற்போல் மூச்சுவேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் வெண்கண்டல் காடு. முத்துப்பேட்டைப் பக்கத்து அலையாத்திக் காட்டிலும் வெண்கண்டலே மிகுதி. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்ற பெயர் வந்தது என்பார்கள். காரணம் எதுவாயினும் அழகான சொல், உங்கள் நாவலில் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வெண்கண்டலுக்கும் பின்னால் என்ன இருக்கும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கடலை விட்டு விலக விலக உப்பு குறையும் என்று தோன்றும். மழை குறைந்த, வெயில் மிகுந்த கரைகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. ஓடைக்கரையில் தேங்கும் உப்பை அடுத்த ஓதம் கழுவிக்கொண்டு போய்விடும். மாதத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் நீர் எட்டிப் பார்க்கிற மேட்டிலோ, வந்த நீர் வெயிலில் ஆவியாகி உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் கொஞ்சம் சேர்கிறது. வைகாசி வாக்கில் அந்த மண் கடலைவிடப் பன்மடங்கு உப்பாகிவிடும். அங்கே மரம் நிற்காது. உமரி மட்டும் தரையோடு தரையாகப் படர்ந்து, கோடையில் செந்நிறம் ஏறிக் கிடக்கும். அதையும் தாண்டிய இடத்தில் உமரியும் இல்லாமல், உப்புப் பூத்த வெற்றுத் தரை வெள்ளையாகத் தெரியும். உங்கள் கதைத்தலைவி உச்சிவெயிலில் கழியைக் கடக்கிறாள் அல்லவா? அவள் கால் வெந்துபோகும் இடம் இதுதான்.

ஆற்றுக் கிளைகளை ஒட்டி நன்னீர் கலக்கும் பகுதியில் கழிமுள்ளிப் புதரையும், நிலத்தை நோக்கிய ஓரங்களில் தில்லை மரங்களையும் வையுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் இதுவே. உதிருமுன் இதன் இலைகள் சிவந்துவிடும். இதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடும் என்பதால் விறகு வெட்டுபவர்கள் அஞ்சி ஒதுங்குவார்கள். உங்கள் கதையில் வில்லன் ஒருவன் இருப்பதாகத் தெரிகிறது, அவனுக்கு இது உதவலாம். மணல்மேட்டின் கடல்பக்கத்தில் அடும்பும் இராவணன் மீசையும், மறுபக்கத்தில் தாழையும் புன்னையும் இருக்கட்டும். நெய்தல் திணைப் பாடல்களில் வரும் கண்டல் வேலியும் புன்னைக் கானலும் தாழை சூழ்ந்த கழியும் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டவை என்று நினைத்துவிட வேண்டாம். நிலத்தைக் கண்டவர்கள் எழுதிய வரிகள் அவை.

இன்னொரு நுட்பமும் உண்டு. வெண்கண்டல் உப்பை உள்ளே விட்டுவிட்டு இலையின் வழியாக வெளியேற்றும். இலையை நக்கினால் கரிக்கும். சுரபுன்னை பெரும்பகுதி உப்பை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடும். அதன் இலையில் அந்த உப்புப் படிவு இருக்காது. இருட்டில் வழி தவறிய ஒருத்தி, நாவால் இலையைத் தொட்டுப் பார்த்தே தான் ஓடைக்கரையில் நிற்கிறாளா, உள்காட்டில் நிற்கிறாளா என்று தெரிந்துகொள்ள முடியும்.

கேள்வி: கதையில் நாள்தோறும் அந்தி சாயும் வேளையில் பனைமர உயரத்துக்கு ஓதம் ஏறுகிறது. ஏதாவது தவறு உண்டா?

பதில்: இரண்டு தவறுகள் உண்டு. உங்கள் கற்பனை நாட்டுக்கும் இதே நிலாதான் என்றால், ஓதம் நாள்தோறும் ஒரே நேரத்தில் ஏறாது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆவதால், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று அந்தியில் ஏறிய நீர் ஒரு வாரம் கழித்து நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் போய்விடும். மேலும் ஒரு வாரத்தில் மீண்டும் அந்திக்கு வந்துசேரும். ஆகவே ஓர் ஊரில் பௌர்ணமி ஓதமும் அமாவாசை ஓதமும் ஏறக்குறைய ஒரே மணியில்தான் உச்சத்தைத் தொடும். கருங்கழிக்கு அந்த மணியை ஒருமுறை முடிவு செய்துகொண்டால், திதியை வைத்து மற்ற நாள்களின் நேரத்தை நீங்களே கணக்கிட்டுவிடலாம். பௌர்ணமிக்கு வெள்ளுவா, அமாவாசைக்குக் காருவா என்ற பழைய சொற்களும் உங்கள் பாத்திரங்களின் வாயில் நன்றாகவே பொருந்தும்.

அடுத்தது உயரம். சென்னைக் கரையில் பெரிய ஓதங்களின்போது கூட நீர் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டரை ஒட்டியதே, பனைமரத்துக்கு வழியில்லை. குஜராத்தின் காம்பே வளைகுடாவைப் போல, வாய் அகன்று உள்ளே போகப்போகக் குறுகும் புனல் வடிவக் கடற்பகுதியில் ஓதம் பத்து மீட்டர் அளவுக்கும் எழும். நீங்கள் வரைந்திருப்பதோ சோழமண்டலக் கரையைப் போன்ற நேர்க்கரை. கரையை மாற்றுங்கள், அல்லது ஓதத்தைக் குறையுங்கள்.

நான் ஓதத்தைக் குறைக்கவே சொல்வேன், ஏனெனில் நேர்க்கரையில் இதைவிடச் சுவையான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. நம் கரையில் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதும் இதனால்தான். ஆற்றில் நீர் வற்றிய கோடையில் இந்த மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இது பழகிய கதை. முகத்துவாரம் அடைபட்ட நாளிலிருந்து கழிக்கு ஓதமே கிடையாது. நீர் தேங்கும், உப்பேறும், மீன் செத்து மிதக்கும். ஐப்பசி மழையில் ஆறு பெருகி மணலை உடைத்துக்கொண்டு கடலில் பாயும்போது, சில நாள்களுக்குக் கழி முழுவதும் ஏறக்குறைய நன்னீராகிவிடும். உங்கள் கதையில் போர் நடக்கும் மாதத்தை இதோடு பொருத்திப் பாருங்கள்.

கேள்வி: கழியோரத்தில் சீமைக் கருவேலம், சவுக்கு, முந்திரி ஆகியவற்றையும், ஓடையில் ஆகாயத் தாமரையையும் சேர்த்திருக்கிறேன்.

பதில்: நான்கையும் நீக்கிவிடுங்கள். சீமைக் கருவேலம், முந்திரி, ஆகாயத் தாமரை மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. சவுக்கை நம் கரையில் தோப்புத் தோப்பாக நட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ‘சீமை’ என்ற அடைமொழியே கருவேலத்தின் பூர்விகத்தைச் சொல்லிவிடுகிறதே! சோழர் காலச் சாயலில் எழுதும் கதையில் முந்திரித் தோப்பு வந்தால், பறங்கியர் கப்பல் பல நூற்றாண்டு முன்பே வந்துவிட்டதாகப் பொருளாகும்.

கேள்வி: வீட்டுக்கு அருகில் பள்ளிக்கரணை இருக்கும்போது கற்பனைக் கழி எதற்கு? – வேளச்சேரி வாசகர்

பதில்: பள்ளிக்கரணை பெரும்பாலும் மழைநீரும் சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீரும் வந்துசேரும் சதுப்பு நிலம். ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்தில் அதன் நீர் கடலைச் சேர்கிறது. அங்கே நீங்கள் பார்ப்பது சம்பும் கோரையும். சுரபுன்னைக் காட்டைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 2022ஆம் ஆண்டு அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது பிச்சாவரமும் உடன் சேர்ந்தது. இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பதால் ஒரே வகை என்று கொள்ளக் கூடாது. நகருக்குள் ஓத நிலத்தைப் பார்க்க விரும்பினால் அடையாறு முகத்துவாரத்துக்கோ எண்ணூர் கழிக்கோ செல்லுங்கள். எண்ணூரில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து கழியின் அடிமட்டம் உயர்ந்துவிட்டதாக மீனவர்கள் நெடுங்காலமாக முறையிட்டுவருகிறார்கள். ஒரு சாண் உயரம் கழியில் என்ன செய்யும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

கேள்வி: நாவலின் இறுதியில் அரசன் கழிக்குக் குறுக்கே கரை எழுப்பி, நீரை வடித்து, நெல்வயலாக்கி மக்களை வாழவைக்கிறான். (பெரம்பூர் வாசகி)

பதில்: அரசனின் எண்ணம் நல்லது, மண் ஒத்துழைக்காது. கழிச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் கந்தகமும் இரும்பும் சேர்ந்து படிந்திருக்கின்றன. நீருக்கடியில் இருக்கும்வரை அவை சாதுவாகக் கிடக்கும். நீரை வடித்துவிட்டால் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகி, பயிரின் வேரைக் கருக்கிவிடும். கேரளத்தில் குட்டநாட்டின் கரி நிலங்களில் உழவர்கள் இன்றும் இந்தப் புளிப்போடு போராடுகிறார்கள்.

மரத்தை வெட்டினால் மட்டும் போதும், மண் கெட்டுவிடும் என்பதற்குப் பிச்சாவரமே சான்று. வெள்ளையர் காலத்தில் தொடங்கி, பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் வெட்டும் முறை அங்கே நீண்டகாலம் நடந்தது. நிழலிழந்த தரை காய்ந்து தட்டுப்போல் உள்வாங்கிவிட, ஏறிய ஓத நீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கி ஆவியாகி, உப்பு மிகுந்து, மறுபடி மரமே முளைக்கவில்லை. 1990களில் தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய்களை வெட்டி ஓதம் தடையின்றி வந்துபோக வழிசெய்து, பிறகே கன்றுகளை நட்டார்கள். காடு திரும்பியது.

அரசனுக்கு நெல்தான் வேண்டுமென்றால் கொச்சிப் பக்கத்துப் பொக்காளி முறையைப் பாருங்கள். மழை மண்ணின் உப்பைக் கழுவிய பின் உப்பைத் தாங்கும் நெட்டை நெல்லை விதைத்து, அறுவடைக்குப் பிறகு அதே வயலுக்குள் ஓத நீரை விட்டு இறால் வளர்க்கிறார்கள். அங்கே ஆனியில் தொடங்கும் விதைப்பை நம் கரைக்கு ஐப்பசிக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

கேள்வி: கழியில் மூன்று நாள் ஒளிந்திருக்கும் கதைத்தலைவி குடிநீருக்கு என்ன செய்வாள்?

பதில்: மணல்மேட்டுக்குப் போகட்டும். மேட்டில் பெய்த மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரைவிட எடை குறைந்ததாகையால் அதன்மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த வீட்டுக் கிணறுகள் தித்தித்தது இதனால்தான். புன்னை நிற்கும் பக்கத்தில், கையால் முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டி ஊறவிட்டு, மேலாக முகந்துகொண்டால் போதும். மேடு தாழ்ந்து கழியோடு சேரும் இடத்தில் தோண்டினால் கரிக்கும்.