யாருடைய வேலை?

வணக்கம் சார்,

மண் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் ஆய்வைப் பற்றி எல்லோருக்கும் புரியும்படி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினேன். “அதற்குத்தான் மக்கள் தொடர்புத் துறை இருக்கிறதே, நீ ஆய்வேட்டைக் கவனி” என்கிறார் என் நெறியாளர். பல்கலைக்கழகத்தில் இது உண்மையில் யாருடைய வேலை?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் வேலைதான். நெறியாளரின் வேலையும்கூட.

மக்கள் தொடர்புத் துறை தேவையில்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட, உடல்நலம் தொடர்பான 462 செய்திக்குறிப்புகளை மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சுமார் 40 சதவீதத்தில், மக்களுக்குச் சொன்ன அறிவுரை கட்டுரையில் இருந்ததைவிட மிகையாக இருந்தது. பத்திரிகைகள்தான் ஊதிப் பெருக்குகின்றன என்று திட்டிக்கொண்டிருக்கிறோம், பாதி ஊதல் பல்கலைக்கழக வாசலைத் தாண்டும் முன்பே நடந்துவிடுகிறது. கட்டுரையின் எல்லை எதுவரை என்று அதை எழுதியவருக்குத்தானே தெரியும்?

அப்புறம், நீங்கள் மண்ணைப் படிப்பவர் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். 1986இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு பெய்த மழையில் கதிரியக்க சீசியம் இங்கிலாந்தின் கம்ப்ரியா மலைகளிலும் இறங்கியது, ஆடுகளை விற்கவும் வெட்டவும் தடை வந்தது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் வல்லுநர்கள். களிமண் நிலமென்றால் சீசியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அவர்கள் கணக்கும் சரியாகியிருக்கும். மலையில் இருந்ததோ அமிலத்தன்மை கொண்ட, மட்கிய தாவரங்களாலான மண். அதில் சீசியம் பிடிபடாமல் மறுபடி மறுபடி புல்லுக்கு ஏறியது. கடைசிக் கட்டுப்பாடு நீங்கியபோது ஆண்டு 2012. இடையில், ஒரு தாதுவைத் தூவினால் சீசியம் குறையுமா என்று பார்க்க ஆடுகளை வேலிக்குள் அடைத்துச் சோதித்தார்கள். திறந்த மலையில் மேய்ந்த ஆடு அடைத்துவைத்தால் மெலிந்துபோகும், உங்கள் கணக்கு தப்பும் என்று விவசாயிகள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை, சோதனையும் பிறகு கைவிடப்பட்டது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரையன் வின் அந்த விவசாயிகளிடம் பேசிப் பதிவு செய்ததால்தான் அவர்கள் சொன்னது இன்று நமக்குத் தெரிகிறது.

அங்கே விளக்கிச் சொல்ல ஆள் இருந்தார்கள், கேட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. செய்திக்குறிப்பு ஒருவழிப் பாதை. அது எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும், ஒரு விவசாயியின் மறுப்பை ஆய்வகத்துக்குள் கொண்டுவராது.

நெறியாளரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. பதவி உயர்வுக்கு ஆய்வுக்கட்டுரைகளைத்தான் பெரும்பாலும் எண்ணுகிறார்கள், இதற்குச் செலவாகும் நேரம் எங்கும் கணக்கில் வருவதில்லை. பல்கலைக்கழகங்கள் இதையும் ஆய்வுப் பணியாகவே மதிப்பிட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். அதுவரை காத்திருக்காதீர்கள். கட்டுரையை முடித்து, அந்த மண்ணில் பயிர் செய்கிற நாலு பேரிடம் காட்டுங்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளில் உங்களால் பதில் சொல்ல முடியாத ஒன்றை எழுதிக்கொண்டு நெறியாளரிடம் போங்கள்.