ஜேபெக்கா, பிஎன்ஜியா? பட ஃபைல் வகைகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, கல்யாணப் பத்திரிகை டிசைனை ஜேபெக்கில் சேவ் பண்ணினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி இருக்கிறதே, ஏன்?

பதில்: ஜேபெக்கின் பிறவிக்குணம் அது, தம்பி. படத்தை 8x8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். முகம், வானம், புடவை மடிப்பில் நிறம் மெல்ல மாறுவதால் கழித்தது தெரியாது. வெள்ளையில் கறுப்பு எழுத்து அப்படியில்லை. ஒரே கட்டத்துக்குள் இரண்டும் முட்டிக்கொள்ளும். 'ணு'வின் சுழியைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரமெல்லாம் சாம்பல் பொட்டாக இருக்கும். பிஎன்ஜியில் ஒரு புள்ளிகூடப் போகாது. அச்சகத்துக்கு என்றால் பிடிஎஃப் கொடுங்கள், எழுத்து எழுத்தாகவே போய்ச் சேரும்.

கேள்வி: அப்போ என் பழைய ஜேபெக்கை பிஎன்ஜி ஆக்கினால் தெளிவாகிவிடுமா சார்?

பதில்: ஆகாது. கரும்புச் சக்கையை வெள்ளிச் செம்பில் போட்டால் சாறு வருமா? ஃபைல்தான் பெரிதாகும்.

கேள்வி: ஐபோனில் எடுத்த படம் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. பெயரில் ஜேபிஜி என்று மாற்றியும் பார்த்தேன்.

பதில்: பெயர்ப்பலகையை மாற்றினால் கடை மாறாதே! அது ஹெச்இஐசி, 2017-ல் ஐஓஎஸ் 11-உடன் வந்தது. ஜேபெக்கைவிடக் குறைந்த இடம் பிடிக்கும், நல்ல வகைதான். ஆனால் எல்லா மென்பொருளும் அதைத் திறக்காது. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வையுங்கள். இனி எடுப்பது ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்ததை கன்வர்ட் பண்ணத்தான் வேண்டும்.

கேள்வி: கல்யாண வேலைக்கு ரா அவசியமா அண்ணா? கார்டு சீக்கிரம் நிறைந்துவிடுகிறது.

பதில்: ரா என்றால் கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல். முகூர்த்த நேரத்துக்காவது அதில் எடுங்கள். ஒரு மண்டபத்தில் மஞ்சள் விளக்கு, வீடியோ லைட், ஜன்னல் வெயில் மூன்றும் மணப்பெண் முகத்தில் விழுந்தன. ஜேபெக்கில் மட்டும் எடுத்திருந்தேன். கன்னத்து மஞ்சளைக் குறைத்தால் ஜரிகை நீலமாகிறது. இரண்டு ராத்திரி உட்கார்ந்தும் சரிவரவில்லை. ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. திருத்துவதற்கு இடம் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: லோகோவுக்கு ஜிஃப் போதுமா?

பதில்: 1987-ல் வந்தது, மொத்தமே 256 நிறம். அசையும் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். லோகோவுக்கு எஸ்விஜி எடுங்கள். படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக வைக்கும் வகை அது, விசிட்டிங் கார்டிலிருந்து ஃப்ளெக்ஸ் பேனர் வரை இழுத்தாலும் ஓரம் உடையாது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்குகிறதே தம்பி?

பதில்: டாக்குமென்டாக அனுப்புங்கள் அக்கா. எடுத்தது எடுத்தபடி போகும்.