இரண்டு அட்டைகளையும் ஒரே கணக்காகப் பார்க்காதீர்கள்

கேள்வி: ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது, ஊடே மிளகும் உண்டு. இரண்டு பசுக்களின் பால் பணத்தில் வீட்டுச் செலவு ஓடுகிறது. என்னிடம் இரண்டு கிரெடிட் கார்டுகள் உள்ளன. முதல் கார்டில், மகளைச் சேலத்தில் கல்லூரியில் சேர்த்த செலவும், தோட்டத்தில் களையெடுத்த கூலிக்காக ஏடிஎம்மில் எடுத்த 20,000 ரூபாயும் சேர்ந்து, இன்று 86,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. எட்டு மாதமாகக் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டியும் பாக்கி குறையவே இல்லை. இரண்டாவது கார்டை, சேலம் புதிய பேருந்து நிலையம் அருகே மேசை போட்டிருந்தவர்கள் ‘வாழ்நாள் முழுவதும் இலவசம்’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். அது பிரிக்கப்படாத உறையோடு பீரோவில் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 999 ரூபாய், ஜிஎஸ்டி, தாமதக் கட்டணம், வட்டி என்று அதற்கு இப்போது 4,650 ரூபாய் கேட்கிறார்கள். மூடச் சொல்லி மூன்று முறை போன் செய்தேன். ‘பணத்தைக் கட்டினால்தான் மூடுவோம்’ என்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு மகளின் போனுக்கும் அழைக்கிறார்கள். வெறுத்துப்போய் இரண்டையும் கட்டாமல் விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. ஆறு மாதம் கட்டாமல் இருந்தால் வங்கியே பாதித் தொகைக்கு இறங்கி வரும் என்று நண்பர் சொல்கிறார். முப்பது சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாமே?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 86,000 ரூபாய் அல்ல; ‘இரண்டையும்’ என்ற சொல்தான். முதல் அட்டையில் இருப்பது நீங்கள் வாங்கிய கடன். அந்தப் பணத்தில் உங்கள் மகள் கல்லூரியில் சேர்ந்தாள், உங்கள் தோட்டத்தில் களையெடுத்தவர்களுக்குக் கூலி போய்ச் சேர்ந்தது. இரண்டாவது அட்டையில் இருப்பது கடனே அல்ல. நீங்கள் பயன்படுத்தாத ஒன்றுக்கு உங்கள் தலையில் ஏற்றிய கட்டணம். முதலாவதைக் கட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது, இரண்டாவதைத் திருத்த வேண்டிய பொறுப்பு வங்கியினுடையது. வங்கி செய்த தவற்றின் மேல் உள்ள கோபத்தில் உங்கள் கடனையும் கட்டாமல் விட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருக்கும் வழக்கிலும் நீங்கள் கடன் தவறியவராகத்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

முதல் அட்டையின் பாக்கி ஏன் குறையவில்லை என்பதை உங்கள் கடைசி பில்லை வைத்தே பார்ப்போம். நீங்கள் அனுப்பிய நகலில் மாத வட்டி 3.5 சதவீதம் என்று இருக்கிறது. 86,000 ரூபாய்க்கு அது 3,010 ரூபாய். அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 542 ரூபாய். சாதாரணக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கடன் அட்டை வட்டிக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. ஆக நீங்கள் குறைந்தபட்சத் தொகையாகக் கட்டும் 4,300 ரூபாயில் 3,552 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போய்விடுகிறது. அசலில் கழிவது 748 ரூபாய். இந்த வேகத்தில் இன்னும் ஓராண்டு கட்டினால், கையை விட்டுப் போகும் பணம் ஏறக்குறைய 49,000 ரூபாய், குறையும் பாக்கி ஏறக்குறைய 8,500 ரூபாய். அதுவும் புதிதாக எதையும் வாங்காமல் இருந்தால்தான்.

நீங்களோ வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதே பில்லில் இரண்டு முறை பெட்ரோல், ஒரு முறை மளிகை என்று மூன்று வரிகள் இருக்கின்றன. முந்தைய மாத பாக்கியை முழுவதும் கட்டியவருக்குத்தான் வட்டியில்லாத நாட்கள் உண்டு. பாக்கி ஒரு பகுதி நின்றாலும் அந்தச் சலுகை போய்விடும்; புதிதாக வாங்கும் பெட்ரோலுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் எடுத்த 20,000 ரூபாய்க்கு எடுத்த அன்றே வட்டி தொடங்கியிருக்கும், எடுப்புக் கட்டணமும் தனியாகப் பிடித்திருப்பார்கள். பரிசுப் புள்ளிகள் சேரும் என்பதற்காக அட்டையைத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் புள்ளிகளின் மதிப்பு இந்த வட்டியின் பக்கத்தில்கூட வராது.

நீதிமன்றத்தைப் பற்றி நீங்கள் கேட்டது அரைகுறையாக வந்து சேர்ந்த செய்தி. ஆண்டுக்கு முப்பது சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகமுறை என்று 2008-ஆம் ஆண்டு தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நண்பர் சொன்ன ஆறு மாத யோசனையை நான் உறுதியாக மறுக்கிறேன். வங்கி இறங்கி வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு ‘முழுவதும் கட்டப்பட்டது’ என்று முடியாது, ‘செட்டில்டு’, அதாவது குறைத்துப் பேசி முடித்தது என்றுதான் பதிவாகும். அதற்கு முந்தைய ஆறு மாதத் தவறுகளும் அருகிலேயே நிற்கும். உங்கள் மகள் நாளை மேற்படிப்புக்குக் கல்விக் கடன் கேட்டுப் போனால் உடன் கையெழுத்திட வேண்டியவர் நீங்கள். அப்போது அவளுடைய விண்ணப்பத்தோடு உங்கள் அறிக்கையும் அந்த மேசைக்கு வரும். இத்தனை சிரமத்திலும் எட்டு மாதம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியிருக்கிறீர்கள். அந்த நல்ல பெயரை நீங்களே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. காப்பிப் பழம் பறிக்கத் தொடங்குவது கார்த்திகை வாக்கில். காய வைத்து, விற்று, மிளகுப் பணமும் சேர்ந்து கைக்கு வரும்போது மாசி ஆகிவிடுகிறது. களையெடுப்பு, நிழல்மரக் கவாத்து, உரம் என்று செலவெல்லாம் மழைக்காலத்தில். ஆண்டுக்கொரு முறை வருமானம் பார்க்கும் குடும்பத்துக்கு, மாதம் தவறாமல் கணக்கு முடிக்கச் சொல்லும் கடன் பொருந்தாது. மாதச் சம்பளக்காரருக்கு ஏற்றபடி அமைந்த கருவி அது. உங்களுக்கு வேண்டியது அறுவடையில் திருப்பிக் கட்டும் கடன்.

இதற்கு நகைக் கடனையே முதல் வழியாகச் சொல்வேன். உங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும், சேலத்தில் நீங்கள் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலும் வட்டி கேளுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 86,000 ரூபாய்க்கு மாத வட்டி 717 ரூபாய். இந்த ஆவணியிலிருந்து மாசி வரை ஆறு மாதத்துக்கு மொத்தம் 4,300 ரூபாய். அதாவது இப்போது அட்டைக்கு நீங்கள் ஒரே மாதத்தில் கட்டுகிற தொகை. இப்போது மாதாமாதம் ஒதுக்கும் அதே 4,300 ரூபாயை நகைக் கடனில் பகுதி பகுதியாகக் கட்டி வந்தால், மாசியில் மீட்க வேண்டியது ஏறத்தாழ 64,000 ரூபாய்தான் இருக்கும். பகுதிப் பணத்தை ஏற்பார்களா, மீட்பின் கடைசித் தேதி எது என்ற இரண்டையும் அடகு வைக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். தேதி தப்பினால் நகை ஏலத்துக்குப் போகும் என்பதை மறக்கக்கூடாது. நகை உங்கள் மனைவியுடையது என்றால் இந்தக் கணக்கு முழுவதையும் அவரிடம் காட்டி, அவர் சம்மதித்த பிறகே எடுத்துச் செல்லுங்கள். பல வீடுகளில் நகை அடகுக்குப் போனதே அந்த அம்மாவுக்குப் பிறகுதான் தெரியவருகிறது, அது சரியல்ல.

நகை வைக்க வழியில்லை என்றால், பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரும்படி அட்டை வங்கியிடமே கேளுங்கள். வட்டி குறையும், ஆனால் ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் இருக்கும் என்பதால், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்ற ஒற்றை எண்ணைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். இன்னொரு வங்கியின் புதிய அட்டைக்கு இந்தக் கடனை மாற்றும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஒன்றே அதிகம்.

முதல் அட்டையின் கடனை முடிக்கும் நாளில் பில்லில் உள்ள தொகையை மட்டும் கட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். பில் போட்ட நாளுக்கும் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அடுத்த பில்லில் சில நூறு ரூபாயாக வரும். ‘கடன்தான் முடிந்துவிட்டதே’ என்று அதைப் பார்க்காமல் விட்டவர்கள் அந்தச் சிறு தொகைக்காகத் தாமதக் கட்டணம் கட்டி என்னிடம் வந்திருக்கிறார்கள். அடுத்த இரண்டு பில்லும் பூச்சியமாக வரும் வரை கவனியுங்கள்.

இனி இரண்டாவது அட்டை. இதில் விதிகள் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கின்றன. ரிசர்வ் வங்கியின் கடன் அட்டை விதிமுறைகளின்படி, அட்டை வழங்கி முப்பது நாட்களுக்கு மேலாகியும் வாடிக்கையாளர் அதைச் செயல்படுத்தவில்லை என்றால், வங்கி ஓடிபி மூலம் அவருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும். சம்மதம் வராவிட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் எந்தச் செலவும் வைக்காமல் கணக்கை மூட வேண்டும். செயல்படுத்தாத புதிய அட்டையைப் பற்றிய விவரத்தைச் சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பவும் கூடாது. இலவசம் என்று கொடுத்த அட்டையில் மறைமுகக் கட்டணம் இருக்கக்கூடாது என்றும் அதே விதிமுறைகள் சொல்கின்றன. நீங்கள் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருப்பதால், கேட்காமலே அனுப்பிய அட்டை என்று வாதிட முடியாது. அந்த வாதம் உங்களுக்குத் தேவையும் இல்லை. பிரிக்கப்படாத அந்த உறையே போதுமான சாட்சி. அதைப் பிரிக்காமல் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

தொலைபேசியில் பேசியது போதும். இனி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வங்கியின் குறைதீர் மின்னஞ்சல் முகவரிக்கு இப்படி எழுதுங்கள்: “இத்தனை என்று முடியும் எண் கொண்ட அட்டை எனக்கு அஞ்சலில் வந்தது. அதை நான் செயல்படுத்தவில்லை; அதற்காக எந்த ஓடிபியும் தரவில்லை; அதில் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யவில்லை. நான் சம்மதம் தந்ததாகப் பதிவு இருந்தால் அதன் நகலை அனுப்புங்கள். இல்லையெனில் எல்லாக் கட்டணங்களையும் நீக்கி, கணக்கை மூடி, கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பிய விவரத்தையும் திரும்பப் பெற்று, எனக்கு எழுத்தில் உறுதி தாருங்கள்.” கட்டணத்தைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். நீங்கள் பட்ட மன வேதனையை இதில் சேர்த்தால், படிப்பவர் அதற்கு ஆறுதல் சொல்லிவிட்டுக் கேட்டதை விட்டுவிடுவார். மூடும் கோரிக்கையை அஞ்சலில்தான் அனுப்ப வேண்டும் என்று வங்கி வற்புறுத்தக்கூடாது. பாக்கி இல்லாத அட்டையை ஏழு வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்ற விதியும் உண்டு. கட்டணம் நீங்கிப் பாக்கி பூச்சியமான பின்னும் இழுத்தடித்தால் அதை நினைவூட்டுங்கள்.

அழைப்புகளைப் பற்றியும் அதே கடிதத்தில் தனிப் பத்தியாக எழுதுங்கள். கடன் வசூலுக்காகக் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குடும்பத்தாரைத் தொந்தரவு செய்வதும் கூடாது. எந்த எண்ணிலிருந்து, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்பதை மகளின் போனிலிருந்து படம் எடுத்து இணையுங்கள். அழைப்பவரிடம் மட்டும் கோபப்படாதீர்கள். பெரும்பாலும் அவரும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நம் பக்கத்துப் பிள்ளையாகத்தான் இருப்பார். அந்தக் கட்டணத்தை நீக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நான் கேட்காத காப்பீட்டுக்கு என் அட்டையில் மாதாமாதம் பணம் பிடித்தார்கள். அதைத் திரும்பப் பெற எனக்கு நான்கு மாதம் ஆனது. என் தொழில் எனக்கு அதில் உதவவில்லை. மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டில், அழைத்த தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண் என்று எழுதி வைத்திருந்ததே உதவியது. ‘அப்படி ஒரு புகாரே வரவில்லை’ என்றவர்கள், நோட்டிலிருந்து ஒன்பது எண்களை வரிசையாகப் படித்ததும் மறுவாரமே பணத்தைத் திருப்பினார்கள். நீங்கள் பேசிய மூன்று அழைப்புகளையும் போனில் உள்ள பதிவைப் பார்த்து இன்றே எழுதி வையுங்கள்.

கடிதம் அனுப்பி முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மலை இறங்கி எங்கும் அலைய வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் மகளை உடன் வைத்துக்கொண்டு நீங்களே பதிவு செய்யலாம். வழிமுறை கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் வேண்டாம். ஆனால் முதலில் வங்கிக்கு எழுதியதற்கான சான்று இல்லாமல் போனால் புகாரை ஏற்க மாட்டார்கள். அந்த மின்னஞ்சல் அவசியம் என்பது இதனால்தான்.

இதற்கிடையே உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இந்த 4,650 ரூபாய் அதில் பாக்கியாக ஏறியிருந்தால் அங்கேயும் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். முப்பது நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்து எந்த அட்டை நல்லது என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். புதிதாக எதுவும் வேண்டாம். முதல் அட்டையையே வைத்துக்கொண்டு, கடன் வரம்பை 30,000 ரூபாய்க்குக் குறைக்கச் சொல்லுங்கள். சேமிப்புக் கணக்கில் ஏற்கெனவே இருக்கும் பணத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அடுத்த மழைக்காலக் கூலிக்கும் உரத்துக்கும், அறுவடையை ஒட்டித் திருப்பிக் கட்டும் உழவர் கடன் அட்டை கிடைக்குமா என்று பட்டா, சிட்டா நகலோடு வங்கியில் இப்போதே விசாரியுங்கள். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அது வேறு வகைக் கடன். மாசியில் காப்பிப் பணம் வந்ததும் வேறு செலவைத் தொடுவதற்கு முன் நகையை மீட்டு வீட்டில் சேர்த்துவிட்டு, அந்த இரண்டாவது அட்டைக்கு என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.