"டியூஷன்ல கேட்டுக்கோ" என்றீர்களே!

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள் எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்கிறாள். ப்யூப்பில் என்றால் மாணவர், கண்ணின் நடுவிலுள்ள கருவட்டமும் ப்யூப்பில்தான், அது எப்படி என்று கேட்டாள். லேப்டாப்பில் வேலையாக இருந்ததால் தலையைத் தூக்காமலே "டியூஷன்ல கேட்டுக்கோ" என்றேன். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏன் எதற்கு என்று கேட்காமல் படிக்கும் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: கொண்டுவரவே வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 'தலையைத் தூக்காமலே'தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முதலில் அவள் கேட்டதற்கு விடை. லத்தீனில் 'பூபா' என்றால் சிறுமி, பொம்மை. அதன் குட்டி வடிவம் 'பூபில்லா'. எதிரே இருப்பவர் கண்ணை உற்றுப் பார்த்தால் கருவட்டத்துக்குள் நம் உருவம் பொம்மை மாதிரி தெரியுமே, அதனால் வந்த பெயர். கிரேக்கர்களும் 'கோரே', அதாவது பெண், என்றுதான் சொன்னார்கள். நாம் மட்டும் சும்மாவா, அதைப் பாவை என்கிறோம். காதலிக்கு இடம் வேண்டும், நீ கிளம்பு என்று குறளில் ஒருவன் அந்தப் பொம்மையையே விரட்டுகிறான் ("கருமணியிற் பாவாய்நீ போதாய்", 1123).

மாணவர் என்ற பொருளும் அதே குடும்பத்துச் சொல்லிலிருந்து வந்ததுதான், வழி மட்டும் வேறு. ரோமானியச் சட்டத்தில் 'பூபில்லஸ்' என்றால் பெரும்பாலும் அப்பாவை இழந்த, பருவமடையாத பிள்ளை. அந்தப் பிள்ளையின் சொத்துக்குப் பொறுப்பாக இருந்த காப்பாளர் பெயர் 'டூடர்'. டியூஷன் என்ற சொல்லுக்கே முதலில் காவல் என்றுதான் பொருள். ஆங்கிலத்திலும் 14-ஆம் நூற்றாண்டில் ப்யூப்பில் என்றால் காப்பாளர் பொறுப்பிலுள்ள பிள்ளை. மாணவர் என்ற அர்த்தம் 16-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது.

இப்போது நீங்கள் சொன்னதை மறுபடி படியுங்கள். அப்பா கல்லுக்குண்டாக எதிரில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையை டியூஷன் பார்த்துக்கொள்ளும் என்கிறார். ரோமில் அதற்கு அப்பா செத்திருக்க வேண்டும் ஐயா! கடுமையாக இருக்கிறதா, இருக்கட்டும். பாடம் நடத்த ஆள் வைப்பதில் தப்பில்லை, ஆனால் பிள்ளை ஒரு கேள்வியோடு வந்து நின்றால் நிமிர்ந்து பார்ப்பது பெற்றவர் வேலை, அதைச் சம்பளம் கொடுத்து இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. தெரியவில்லை, அகராதியை எடு, சேர்ந்து பார்ப்போம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அவள்மேல் புகார் வேறு. முதலில் முகம் கொடுக்காதது யார்?

லேப்டாப்பை மூடிவிட்டு அவளைக் கூப்பிடுங்கள். வெளிச்சத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, உங்கள் கண்ணில் என்ன தெரிகிறது என்று அவளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், கூட்டுப்புழுவை ஏன் ப்யூப்பா என்கிறார்கள் என்று அடுத்த 'ஏன்' வரும், தயாராக இருங்கள்: அதே பொம்மைதான், உயிரினங்களை வகைப்படுத்திப் பெயர் வைத்த விஞ்ஞானி லின்னேயஸ் வைத்த பெயர்.