வாசகர் கேள்வி–பதில்: வெளிநாட்டு மாணவருக்குத் துணையாகப் போகிறீர்களா?

கேள்வி: பாலக்காட்டில் படிக்கிறேன். ஜப்பானிலிருந்து ஒரு வருடப் பரிமாற்றத்தில் வரும் மாணவிக்குத் துணை மாணவியாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?
– கல்லூரி மாணவி, கொழிஞ்சாம்பாறை

அவர் பெட்டி கட்டும்போதே தொடங்குங்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. சார்ஜரில் '100–240' என்று அச்சிட்டிருந்தால் பின் மாற்றும் அடாப்டர் போதும். அங்கே வாங்கிய ஹேர் டிரையர் பெரும்பாலும் 100 வோல்ட்டுக்கு மட்டுமே, செருகினால் கருகிவிடும். வீட்டிலேயே விட்டு வரச் சொல்லுங்கள். கோவையில் இறங்குகிறாரா, கொச்சியிலா, விடுதிக்கு வந்துசேரும் நேரத்தில் அறைச்சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

வந்ததும் ஊர் சுற்றிக் காட்டத்தான் ஆசையாக இருக்கும். அதற்கு முன் பதிவு வேலை இருக்கிறது. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால், இந்தியா வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் (எஃப்.ஆர்.ஆர்.ஓ.) இணையவழியில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா, புகைப்படம், தங்குமிடச் சான்று, கல்லூரியின் போனஃபைடு சான்று தேவை. இழுபறி இந்தப் போனஃபைடில்தான். அலுவலகத்தில் சேர்க்கைப் படிவத்தைப் பார்த்துப் பெயரை அடித்துத் தந்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் முன்பின்னாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகே வாங்குங்கள். நடுவில் ஓண விடுமுறை வந்தால் கையெழுத்துக்கு ஆள் கிடைக்காது, அதனால் வந்த மறுநாளே சான்றுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். படிவத்தை அவரே நிரப்பட்டும். அவருடைய கடவுச்சொல் உங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று: ஹோட்டலில் தரும் இளஞ்சிவப்பு வெந்நீர், பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்க வைத்தது என்று முதல் நாளே சொல்லுங்கள். தெரியாவிட்டால் அதை ஒதுக்கிவிட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்வார்.

கேள்வி: ஓணத்துக்கு என் தோழியை வீட்டுக்கு அழைத்துவந்து இரண்டு நாள் தங்க வைக்கலாமா? அவள் பிரான்ஸ்காரி. எங்கள் வீடு எல்லைக்கு இந்தப் பக்கம், கோபாலபுரத்தில்.
– வாசகி, பொள்ளாச்சி வட்டம்

தாராளமாக அழைத்து வாருங்கள். ஆனால் வெளிநாட்டவரை இரவு தங்க வைப்பவர், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ.வுக்கு இணையத்தில் தகவல் தர வேண்டும். ஹோட்டலுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் இதே விதிதான். மத்திய அரசின் விதி என்பதால் கேரளம், தமிழ்நாடு என்ற வித்தியாசம் இல்லை. அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டில் நிலக்கடலை, முந்திரி ஒவ்வாமை உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். பாயசத்தின் மேலிருக்கும் முந்திரியைப் பொறுக்கி எடுத்தால் தீராது. அதை வறுத்த நெய் பாயசத்திலேயே கலந்திருக்கும். தனியாக ஒரு கிண்ணம் முதலிலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். குருவாயூர் போகும் எண்ணம் இருந்தால், இந்து அல்லாதவர்களுக்குக் கோயிலுக்குள் அனுமதியில்லை என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். வாசல்வரை கூட்டிப்போய்த் திருப்பி அனுப்புவது விருந்தாளியைப் புண்படுத்தும்.

கேள்வி: நான் துணையாக இருக்கும் வெளிநாட்டு மாணவர் எல்லாவற்றுக்கும் என்னையே கூப்பிடுகிறார், நடுராத்திரியிலும். மறுக்க மனம் வரவில்லை.
– மாணவர், சித்தூர், பாலக்காடு

எந்த வேலைக்கும் முதல் தடவை கூடப் போங்கள். அடுத்த தடவை அவரைப் பேசவிட்டுப் பின்னால் நில்லுங்கள். அதன்பின் தனியாக அனுப்புங்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரை மலையாளத்தில் எழுதி அவர் போனில் படமாக வைத்துவிட்டால், நடத்துநரிடம் காட்டிப் போய்விடுவார். இரவு எத்தனை மணிவரை அழைக்கலாம் என்று இப்போதே சொல்லுங்கள். அவசரத்துக்கு 112, விடுதி வார்டன் எண் இரண்டையும் பதிந்து கொடுங்கள்.

ஆனால் அழைத்துவிட்டுப் பேசாமல் அழுகிறார், சாப்பிடுவதில்லை, வகுப்புக்கு வருவதில்லை என்றால் கணக்கு வேறு. அதை நீங்கள் ஒருவரே சுமக்கக் கூடாது. அவரிடம் சொல்லிவிட்டு, கல்லூரி ஆலோசகரிடம் அன்றே கூட்டிப் போங்கள்.